ஏ தட்டில் தொண்ணூற்றொன்று

மண்டி மொஹல்லா, மைசூரு
15 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், மாடி அறைக்குப் போய்ப் பட்டுக்கூடுகளைப் பிரித்து எண்ணினேன். ஏ தட்டில் தொண்ணூற்றொன்று. பி தட்டில் தொண்ணூற்று மூன்று. தட்டுக்கு நூறு புழு விட்டிருந்தோம். தாரணி மறுபடி எண்ணினாள். அதே கணக்கு. உங்கள் மகள் அதை நோட்டில் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அண்ணன் முந்தாநாள் இங்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதிலிருந்து என் நம்பரை எடுப்பதில்லை. உங்கள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டாராம். அதனால்தான் பூங்குழலியின் தையல் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். அவள் உங்கள் கையில் கொடுத்துவிடுவாள். இங்கே நடந்ததை அவர் ஒருவிதமாகச் சொல்லியிருப்பார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தசராவின்போது உங்கள் புழுமனையில் ஒரு பேட்ச் முழுவதும் வெள்ளை பூத்து விறைத்துச் செத்ததல்லவா? லீவுக்கு வந்த தாரணி தூரமான நாளில் மனைக்குள் போனதால்தான் என்று அண்ணன் நாலு பேர் முன்னால் சொன்னார். அவள் அப்போது தூரமே இல்லை. அதைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. மைசூருக்குத் திரும்பிய பஸ்ஸில் கொள்ளேகாலம் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: “அத்தை, புழுவுக்குக் காலண்டர் பாக்கத் தெரியுமா?” நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுவாரம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு கேட்டபோது ஸ்வாதி மிஸ்ஸிடம் இதையே கொடுத்துவிட்டாள்: மாதவிலக்கான பெண் தொட்டால் பட்டுப்புழு சாகுமா?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்வி. தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. இளம்புழு மையத்தில் இருநூறு புழு வாங்கினோம். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் ஒரு விவசாயியிடமிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஈரச்சாக்கில் மல்பெரி இலை கொண்டுவந்தேன். ஏ தட்டுக்குத் தாரணி மட்டும் இலை போட வேண்டும், அவளுடைய நான்கு நாட்களிலும். பி தட்டுக்கு நான் மட்டும். தூரமானவர்கள் யாரும் அதைத் தொடக்கூடாது. தீபாவளிக்கு அவள் ஊருக்கு வராததற்குக் காரணம் இதுதான். பரீட்சை என்று உங்களிடம் பொய் சொன்னது நான்.

அண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டார். “ஏம்புள்ள ஜோதி, உனக்கென்ன கிறுக்கு புடிச்சிருக்கா? என்ற பொண்ணு தூரமான தேதியை எழுதி ஊருக்கே காட்டப் போறயா?” என்றார். பங்கேற்புப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். “தலைப்ப மாத்து, இப்பவே போடறேன்” என்றார். மாற்ற மாட்டோம் என்றேன். அண்ணன் முகத்தைப் பார்த்து நான் மாட்டேன் என்று சொன்னது என் நாற்பத்திரண்டு வயதில் அதுதான் முதல் தடவை. மார்ச் பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கி ராமாபுரத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

படிவத்தை இதில் வைத்திருக்கிறேன். டிசம்பர் ஐந்துக்குள் கொடுக்க வேண்டும். எப்படியாவது அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

ஜோதிமணி


ராமாபுரம்
20 நவம்பர் 2024

ஜோதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கிழித்திருப்பார்.

என் பெண் உன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். நீ நல்ல சோறு போடுகிறாய், நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் நீ அவளை ஒரு அட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வருகிற ஆம்பிளைகளுக்கெல்லாம், நான் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை தூரம் என்று சொல்ல வைக்கப் போகிறாய். நாளைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறவன் என்ன கேட்பான்? நீ மைசூரில் இருக்கிறாய். அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. இங்கே பால் சொசைட்டிக்குப் போனால் “என்னுங் பாக்கியம், உங்க பொண்ணு என்னமோ ஆராய்ச்சி பண்றாளாமே” என்று இப்போதே கேட்கிறார்கள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

புழு வளர்ப்பது உங்களுக்குப் பள்ளிக்கூட விளையாட்டு. எங்களுக்கு அதுதான் வருஷம். ஐந்தாம் பருவத்தில் புழு இலை தின்கிற சத்தம் மழை மாதிரி கேட்கும். ஒரு வேளை இலை தப்பினாலும் கூடு இளைத்துவிடும். அந்தப் பத்து நாள் நான் தூங்கினதில்லை. ஒரு பேட்ச் போனால் உன் அண்ணன் மூன்று நாள் யாரிடமும் பேசமாட்டார். பயம், ஜோதி. பயந்தவன் யார் மேலாவது பழி போடத்தான் பார்ப்பான். அது உனக்குப் புரியாமலா இருக்கும்?

நீ காலேஜ் படித்தவள். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பி தட்டை எந்தப் பயமும் இல்லாமல்தான் தொட்டாயா?

தாரணிக்கு நெல்லிக்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். பூங்குழலி பார்சல் போடுகிறாள்.

பாக்கியலட்சுமி


மண்டி மொஹல்லா
25 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பதில் தெரியாமல் அல்ல.

முதலில் ரிப்போர்ட் கதையைச் சொல்கிறேன். சீனுவின் ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வருடமாக நான் தட்டச்சு செய்வது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்தான். எரிமலை, மழைநீர்ச் சேகரிப்பு, எலுமிச்சையில் எரியும் பல்பு. எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கின்றன. பெயரையும் பள்ளியையும் மாற்றி ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடுவேன். எந்தப் பிள்ளையின் சோதனையும் தோற்றதே இல்லை. ‘பிழைகள்’ என்ற தலைப்பின் கீழே எல்லோருக்கும் ‘எதுவும் இல்லை’ என்றே அடித்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஸ்வாதி மிஸ் கடைக்கே வந்தார். சின்னப் பெண், நல்லவர். ஹெச்.எம். தலைப்பைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாராம். “பட்டுப்புழு வளர்ப்பில் வெப்பநிலையின் பங்கு-ன்னு போட்டுடலாம் மேடம். கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடி” என்று கன்னடம் கலந்து கெஞ்சினார். அந்த ரிப்போர்ட்டும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அட்டவணையோடு. ஐந்து நிமிட வேலை. “ஆகல்ல மிஸ், முடியாது” என்றேன். “சரி, அப்படின்னா ரிப்போர்ட்ல ஓட்டையே இருக்கக்கூடாது. தினசரிக் குறிப்பு, தேதி, யார் இலை போட்டது, எல்லாம் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தினசரிக் குறிப்பை அடிக்கும்போதுதான் என் விரல் நின்றது.

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், நவம்பர் மூன்று. எனக்கு மூன்று மாதமாக வரவில்லை. நின்றுவிட்டது என்றே நினைத்திருந்தேன். அன்று காலை வந்துவிட்டது. தாரணிக்கும் அதே நாட்கள். வீட்டில் இருந்த இன்னொருவர் என் வீட்டுக்காரர். அவர் புழுவைப் பார்த்தாலே நாலடி தள்ளி நிற்பவர். பி தட்டில் இலை காய்ந்துகொண்டிருந்தது. நான்தான் போட்டேன், மூன்று நாளும். யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் வழக்கம்போல ‘பி தட்டு: ஜோதிமணி’ என்று எழுதினேன்.

அது மட்டும் இல்லை. மூன்று நாளும் மாடிக்குப் போவதற்கு முன் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். தாவரவியல் படித்து பி.எஸ்சி. வாங்கியவளுக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் நூறு புழுவுக்கு இலை போட முடிந்தது. பதினாறு வயதில் நான் தூரமானது தெரியாமல் மனைக்குள் போன வருடம் அப்பாவின் பேட்ச் போனது உங்களுக்குத் தெரியாது. அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் மனைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார், அவ்வளவுதான். அண்ணன் அப்போது பக்கத்தில் நின்றார். இப்போது அண்ணனைக் குறை சொல்கிறேன். நானும் அதே பூட்டைத்தான் உள்ளே வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: பயந்துதான் தொட்டேன்.

நேற்று தாரணியிடம் சொன்னேன். நோட்டைப் பிடுங்கி நவம்பர் மூன்றைத் தேடி எடுத்தாள். “அப்ப பி தட்டும் ஏ தட்டுதானா அத்தை?” என்றாள். பிறகு கோபம் வந்தது. “மூணு வாரம்! பாட்டு கிளாஸ்கூட விட்டேன்!” பிறகு, “குளிச்சுட்டா போனீங்க? அதையும் எழுதணும்” என்றாள். ‘பிழைகள்’ தலைப்பின் கீழே அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என் பெயர், என் வயது, தேதி, குளித்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் அந்தத் தலைப்பின் கீழே நான் அடித்த முதல் உண்மை அது.

இன்று ஸ்வாதி மிஸ் அதைப் படித்துவிட்டு, “ரெண்டு தட்டும் ஒண்ணுன்னா எதோட எதை ஒப்பிடறது மேடம்? ஜட்ஜ் முதல்ல இதைத்தான் கேப்பாங்க” என்றார். நியாயமான கேள்வி.

ஒப்பிட எங்களிடம் ஒன்றும் இல்லை. புதிதாக வளர்க்க நாளும் இல்லை. ஆனாலும் இந்த ரிப்போர்ட்டைத்தான் கொடுக்கப் போகிறோம்.

படிவத்தை மறுபடி அனுப்புகிறேன். அதில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்றுதான் இருக்கிறது அண்ணி. தந்தை என்று இல்லை. நீங்கள் கேட்டது போலவே நானும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்து என்றாலே ஏன் நாம் இரண்டு பேரும் அவரைத் தேடினோம்?

ஜோதிமணி


ராமாபுரம்
30 நவம்பர் 2024

ஜோதி,

நீ குளித்துவிட்டுப் போனாய் என்று படித்ததும் பூங்குழலி கடையில் உட்கார்ந்து சிரித்தேன். “என்னுங் அக்கா, அழுவறீங்களா சிரிக்கறீங்களா?” என்று அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இரண்டும்தான்.

ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். நான் குளிப்பதுகூட இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நம் மனையில் வேலை செய்த ஆட்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். உன் அண்ணன் தோட்டத்தில் இலை அறுப்பார். மனைக்குள் யார் போடுவது? ஒரு நாளைக்கு நாலு தடவை. இளம்புழு வந்ததிலிருந்து கூடு பிரிக்க இருபத்தைந்து நாள் ஆகும். அதற்குள் தூரமாகாத பொம்பளை எந்த வீட்டில் இருக்கிறாள்? முதல் தடவை போனபோது வாசலில் நின்று அழுதேன். உள்ளே புழு தலையைத் தூக்கித் தூக்கி இலை தேடியது. போய்ப் போட்டுவிட்டேன். உன் அண்ணன் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்காமல் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பேட்ச் கெட்டால் என்னால்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக உரக்கடைக் காலண்டரில் குறித்து வைத்தேன். தூரமான நாளில் உள்ளே போன பேட்சுக்குப் புள்ளி. அந்த நாட்களில் வெளியே இருந்த பேட்சுக்கு வட்டம். பேட்ச் கெட்டால் ஒரு கோடு. பழைய காலண்டரையெல்லாம் புடவைப் பெட்டிக்குள் அடியில் விரித்து வைத்திருந்தேன். புடவைக்கு அடியில் அவர் தேடமாட்டார்.

ஒன்பது வருஷத்துக் காலண்டரையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நானே எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பேட்ச். புள்ளி இருபத்தாறு, அதில் நாலு கெட்டது. வட்டம் பதினைந்து, அதில் ரெண்டு கெட்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று தாரணி சொல்லட்டும். ஒப்பிட ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாயே, வைத்துக்கொள்.

தசரா பேட்ச் வட்டம். அப்போது உன் அண்ணன் வீட்டிலேயே இருந்தார், நான் உள்ளே போகவில்லை. முந்தின பேட்ச் முடிந்ததும் அவசரமாக அடுத்ததை இறக்கிவிட்டார். மனையைக் கழுவி மருந்து தெளிக்கவில்லை. மழை வேறு விடாமல் பெய்தது. சுண்ணாம்புக்கட்டி நோய் வராமல் என்ன செய்யும்? அது எனக்கு அன்றைக்கே தெரியும். நாலு பேர் முன்னால் அவர் தாரணியைச் சொன்னபோது அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு சும்மா நின்றேன். உனக்கு எழுதின முதல் கடிதத்தில் அதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் பேர் போட வேண்டாம். ஆனால் உன் அண்ணன் அந்தத் தேதிகளைப் பார்த்தால் யார் மனை என்று தெரிந்துகொள்வார். தெரியட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தியூரில் பத்தாவது ஹால் டிக்கெட்டில் போட்டதுக்கு அப்புறம் இவ்வளவு நிதானமாக நான் கையெழுத்துப் போட்டதில்லை. கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. செல்லும்தானே?

பாக்கியலட்சுமி


மண்டி மொஹல்லா
16 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

செல்லும். ஸ்வாதி மிஸ் அதைப் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்தார்.

சனிக்கிழமை கண்காட்சி முடிந்தது. உங்கள் வீட்டில் இதற்குள் ஒரு புயல் அடித்திருக்கும். இங்கே நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு பக்கம் எரிமலை, இன்னொரு பக்கம் காற்றாலை. நடுவில் தாரணி, கண்ணாடிப் பெட்டியில் உலர்த்தி வைத்த நூற்று எண்பத்து நான்கு கூடுகளோடு. முதலில் வந்த ஆசிரியர் தலைப்பைப் படித்துவிட்டு எரிமலையைப் பார்க்கப் போய்விட்டார். எட்டாம் வகுப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து, சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, சிரிக்காமல் நின்று கேட்டார்கள். நடுவர்களில் ஓர் அம்மா ‘பிழைகள்’ பக்கத்தை இரண்டு முறை படித்தார். “யாரு இந்த ஜோதிமணி?” என்றார். நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. “தைரியம்தான்” என்றார். பரிசு இல்லை. ‘இரண்டு தட்டுகள் போதாது, நேரடிக் கண்காணிப்பில் இன்னும் செய்ய வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் உண்மைதான்.

பதினொரு மணிக்கு அண்ணன் வந்தார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மகளைப் பார்க்காமல், உங்கள் காலண்டரிலிருந்து நாங்கள் எடுத்துப் போட்ட அட்டவணையைப் படித்தார். விரல் தேதி தேதியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. “இது யார் மனை?” என்றார்.

“நம்ம மனைங்ப்பா” என்றாள் தாரணி.

நான் குறுக்கே பேசப் போனேன். அவள் விடவில்லை. அவர் விரல் கடைசி வரிக்கு இறங்கியது. “நாலுன்னு போட்டிருக்குது. உள்ள போனப்ப நாலு போயிருக்குது. போகாதப்ப ரெண்டுதான். நீயே எழுதியிருக்கறயே!”

“இருபத்தாறுல நாலுங்ப்பா. பதினஞ்சுல ரெண்டு. நூத்துக்குப் பாத்தீங்கன்னா அது பதினஞ்சு, இது பதிமூணு. ரெண்டும் ஒண்ணுதான்.”

“ரெண்டு கூடத்தானே?”

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். அண்ணனின் காது சிவந்தது. எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. பிறகு தாரணியின் முகத்தைப் பார்த்தேன், அந்தப் பாவம் போய்விட்டது.

பஸ் ஸ்டாப்வரை அவர்கூட நடந்தேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: “அடுத்த ஞாயித்துக்கெழமை புதுசா இளம்புழு எறக்கறேன். பாக்கலாம் உங்க கணக்கை. இந்த பேட்ச் கெட்டுதுன்னா மார்ச் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். பொங்கலுக்கே அவளைக் கூட்டிட்டு வந்துருவேன்.”

ஒரு பிள்ளையின் படிப்பைப் புழுக்களின் மேல் பந்தயம் வைத்துவிட்டுப் பஸ் ஏறினார். மனையைக் கழுவினீர்களா என்று கேட்டேன். ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தாரணி ரிப்போர்ட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். “அத்தை, அது செத்துப்போச்சுன்னா என்னால ஆகும். சாகலைன்னா அவரால ஆகும். எனக்கு இதுல ஜெயிக்கவே முடியாதா?” என்று கேட்டாள். போய்ச் சாப்பிடு என்றேன்.

இன்று முழுவதும் கடையில் ஒரு வரிகூட ஒழுங்காக அடிக்கவில்லை. சீனு இரண்டு தடவை திட்டினான். அந்த நடுவர் அம்மா எழுதிய வரி மனதிலேயே ஓடியது. கண்காணிப்பு வேண்டும் என்றால் யாராவது போய்க் கண்காணிக்க வேண்டும். அந்தப் பிள்ளை போக முடியாது. உங்களை இன்னும் தனியாக நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணி, நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ப்ளீச்சிங் பவுடரும் சுண்ணாம்புமாக வந்து இறங்குவேன். சனிக்கிழமை மனையைக் கழுவுவோம். ஞாயிற்றுக்கிழமை புழு இறங்கும். கூடு பிரிக்கும்வரை இருபத்தைந்து நாளும் அங்கேதான் இருப்பேன். எனக்கு இந்த மாதம் வருமா, வராதா என்று எனக்கே தெரியாது. வந்தால், அன்று காலை அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அவர் பார்க்க, குளிக்காமல் மனைக்குள் போவேன். வராவிட்டாலும் தினமும் போவேன். கதவில் நோட்டுத் தொங்கும். யார், எந்த நாள், எந்த நிலையில் உள்ளே போனது என்று எல்லோரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அண்ணன் உட்பட. ஒரு புழு செத்தாலும் பழி சொல்ல அவருக்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? அது என் பெயராக இருக்கட்டும். பதினான்கு வயதுப் பிள்ளையின் பெயர் வேண்டாம்.

லீவு கேட்டால் சீனு வேலையை விட்டே போகச் சொல்லலாம். வீட்டுக்காரர் சமையலுக்கு என்ன வழி என்பார். தாரணி, ‘எனக்காகவா?’ என்று கேட்பாள். இவர்களில் யாரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் இவர்களிடம் சொல்வேன்.

ஜோதிமணி